அடுப்பங்கரை வரை போகும் வைத்தியம்

சர்க்கரை நோய்க்கென்று முதன்முறையாக என்னிடம் வருகிறவரிடம், ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்பேன்: "வீட்டுல சமையல் யாரு?" பெரும்பாலான ஆண்கள் வாசல் பக்கம் கையைக் காட்டுவார்கள். மனைவியோ மருமகளோ வெளியே பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவரையும் உள்ளே அழைத்து உட்கார வைத்த பிறகுதான் பேச்சைத் தொடங்குவேன். நோயாளி பெண்ணாக இருந்தால் கேள்வி வேறு: "நீங்க எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க?" காலை ஏழு மணிக்கு மாத்திரை போட்டுவிட்டு, எல்லோருக்கும் கட்டிக் கொடுத்து அனுப்பி, பாத்திரம் கழுவி, பதினோரு மணிக்கு முதல் இட்லியைத் தொடுகிற பெண்கள் நம் ஊரில் ஏராளம். இரவில் பிள்ளைகள் மிச்சம் வைத்ததையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு நேராகப் படுக்கப் போகிறவர்களும் அவர்கள்தான்.

மதுரைப் பக்கம் நாற்பது ஆண்டுகளாக இந்த நோய்க்கு வைத்தியம் பார்த்ததில் நான் உறுதியாகத் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. மருந்தை டாக்டர் எழுதலாம். அது வேலை செய்வதும் செய்யாததும் அந்த வீட்டில் அடுப்பு எப்போது எரிகிறது, யார் பரிமாறுகிறார்கள், யார் கடைசியில் சாப்பிடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் சொல்லும் அறிவுரை வீட்டு வாசலைத் தாண்டாது.

1980-களின் தொடக்கத்தில் நான் பெரியாஸ்பத்திரியில் பயிற்சி மருத்துவராக இருந்தேன். வார்டின் ஒரு மூலையில் ஸ்பிரிட் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். சோதனைக் குழாயில் 5 மில்லி பெனடிக்ட் திரவத்தை விட்டு, 8 சொட்டுச் சிறுநீரைச் சேர்த்துக் கொதிக்க வைப்போம். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிச் செங்கல் நிறம் வந்தால் நிறைய இருக்கிறது என்று பொருள். அந்த நிறத்தை வைத்துத்தான் இன்சுலின் அளவை முடிவு செய்தோம். ரத்தத்தில் சர்க்கரை ஏறக்குறைய 180-ஐத் தாண்டினால்தான் சிறுநீரில் இறங்கும். வயதானவர்களுக்கு அதைவிட அதிகமாக இருந்தாலும் இறங்காமல் இருக்கலாம். ஆகவே நீல நிறத்தைப் பார்த்து நிம்மதியாக வீட்டுக்குப் போனவர்களில் எத்தனையோ பேருக்கு உள்ளே கண்ணும் சிறுநீரகமும் மெல்லக் கெட்டுக்கொண்டிருந்தன. சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்தாலும் அந்தக் குழாய் சொல்லாது.

சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விஸ்வநாதன் 1948-லேயே நீரிழிவுக்கென்று தனிப் பிரிவு தொடங்கியிருந்தார். ஆனால் நான் படித்து வந்த காலத்திலும் தென் மாவட்டங்களில் இது பணக்காரர் வியாதி என்றே பேச்சு. கடைக்காரரும் பண்ணையாரும் வந்தார்கள். சித்தாள் வேலை பார்க்கும் பெண்ணும் ஆட்டோ ஓட்டுபவரும் பிறகு வந்தார்கள். இப்போது அவர்கள்தான் என் அறைக்கு வெளியே அதிகம் உட்கார்ந்திருக்கிறார்கள். முப்பது வயதைக்கூடத் தாண்டாத பிள்ளைகளும் அவர்களுக்கு நடுவே இருக்கிறார்கள்.

குளுக்கோமீட்டர் வீடுகளுக்குள் வந்தது பெரிய மாற்றம். அதைவிடப் பெரியது மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி. அது பரவலாவதற்கு முன் என்னிடம் வந்துகொண்டிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு, வெறும் வயிற்றுச் சர்க்கரை எப்போதும் அழகாக இருக்கும். ஆனால் காலில் எரிச்சல் கூடிக்கொண்டே போனது. புதிய பரிசோதனை வந்ததும் எடுத்துப் பார்த்தோம், பத்தைத் தாண்டியிருந்தது. அவர் மனைவிதான் உண்மையைச் சொன்னார்: "டெஸ்டுக்கு மூணு நாளைக்கு முந்தியே மோரும் கீரையுமா இருந்துக்குவாரும்மா. முடிஞ்ச அன்னைக்கே பரோட்டாக் கடைதான்." பரீட்சைக்கு முந்தின இரவு மட்டும் படிக்கும் பையனைப் போல அந்த ஆசிரியரே நடந்துகொண்டிருந்தார்.

ஏன் அப்படிச் செய்தார் என்று நிதானமாகக் கேட்டபோது, முன்பு பார்த்த இடத்தில் எல்லோர் முன்னாலும் ஏசுவார்கள் என்றார். திட்டு வாங்கியவர் அடுத்த முறை உண்மையைச் சொல்ல மாட்டார்; நல்ல எண்ணைக் காட்டுவதற்கு வழி தேடுவார். அதனால் எண் எதுவாக இருந்தாலும் முகம் மாறாமல் பார்ப்பதை ஒரு பழக்கமாக வளர்த்துக்கொண்டேன். என்னுடன் வேலை பார்த்த இளம் மருத்துவர்களிடமும் அதையே வற்புறுத்தினேன். எல்லோருக்கும் ஒரே இலக்கும் கிடையாது. நடுவயதுக்காரருக்கு ஹெச்பிஏ1சி ஏழை ஒட்டி இருக்கட்டும் என்போம். தனியாக வசிக்கும் எண்பது வயதுப் பாட்டிக்கு எட்டு இருந்தாலும் போதும். அவருக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கி, தூக்கிவிட ஆளில்லாமல் விழுவதுதான் அதிக ஆபத்து.

சாப்பாட்டுப் பேச்சில் நான் அதிகம் கேட்ட வாக்கியம், "சோத்தை நிப்பாட்டிட்டேன், ராத்திரி சப்பாத்திதான்." எத்தனை என்று கேட்டால் ஐந்து, ஆறு என்பார்கள், கூடவே உருளைக்கிழங்கு குருமா. ஒரு கிண்ணம் சோற்றில் ஏறக்குறைய 40 கிராம் மாவுச்சத்து என்றால், ஒரு நடுத்தரச் சப்பாத்தியில் 15 கிராம். ஐந்து சப்பாத்தி இரண்டு கிண்ணம் சோற்றுக்குச் சற்றுத்தான் குறைவு. கேழ்வரகு நல்லது என்று சொம்பு சொம்பாகக் கூழ் குடிப்பவர்களும், சீனியை விட்டுவிட்டேன் என்று கருப்பட்டிக் காப்பி குடிப்பவர்களும், பழச்சாறு பிழிந்து குடிப்பவர்களும் இப்படித்தான் ஏமாறுகிறார்கள். கூழ் சட்டென்று செரித்துச் சர்க்கரையை ஏற்றும். கருப்பட்டி, வெல்லம், தேன் எல்லாமே ரத்தத்துக்குச் சர்க்கரைதான். பழத்தைக் கடித்து அளவாகத் தின்னலாம். பிழிந்து குடிக்க வேண்டாம்.

இதையெல்லாம் பட்டியலாக அச்சடித்துக் கொடுப்பது பெரிய பயன் தருவதில்லை. சமைப்பவர் எதிரில் உட்கார்ந்திருந்தால் காரியம் எளிது. "தட்டுல பாதி காய், கீரை, கூட்டு. காலே அரைக்கால் பாகம்னு கணக்குப் போட வேண்டாம்மா. மிச்சப் பாதியில சரிபாதி சோறு, சரிபாதி பருப்போ சுண்டலோ முட்டையோ மீனோ. முதல்ல காயை வைங்க, சோத்தைக் கடைசியில வைங்க." அந்த அம்மாள் உடனே கேட்பார்: "அப்ப பிள்ளைகளுக்குத் தனியா சமைக்கணுமா?" வேண்டாம், இது வீட்டில் எல்லோருக்கும் நல்ல சாப்பாடு என்று சொன்னதும் அவர் முகம் தெளியும். நோயாளிக்குத் தனிச் சட்டி வைத்த வீடுகளில் அந்த ஏற்பாடு சில வாரங்களுக்கு மேல் நடந்ததை நான் பார்த்ததில்லை. முழுக் குடும்பமும் தட்டை மாற்றிக்கொண்ட வீடுகளில் அது நிலைத்தது.

இன்சுலின் பற்றிய பயம் இன்றும் போகவில்லை. "ஊசின்னா கடைசிக் கட்டமா டாக்டரம்மா?" என்று குரல் இறங்கிக் கேட்பார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்தில் எல்லா மருந்தும் கைவிட்ட பிறகுதான் ஊசிக்கு வந்தார்கள். ஊசி போட்ட கொஞ்ச நாளில் இறந்தும் போனார்கள். பார்த்தவர்கள் ஊசியின் மேல் பழி போட்டார்கள். 1922-இல் கனடாவின் டொராண்டோவில் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு இன்சுலின் செலுத்தியபோது, அது சாவின் விளிம்பில் இருந்தவனை மீட்ட மருந்து. அந்தக் கதையைச் சொல்வேன். பிரசவம், அறுவை சிகிச்சை, கடும் காய்ச்சல் போன்ற சமயங்களில் சில வாரங்கள் மட்டும் ஊசி போட்டுவிட்டுப் பிறகு மாத்திரைக்குத் திரும்பியவர்கள் ஏராளம் என்பதையும் சொல்வேன்.

கண்ணாடி சிரிஞ்சை வெந்நீரில் கொதிக்க வைத்து, தடித்த ஊசியைத் தீட்டித் தீட்டிப் பயன்படுத்திய தலைமுறையை எனக்குத் தெரியும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீடுகளுக்கு மண்பானை வழி சொல்லிக் கொடுத்தோம்: பெரிய பானையில் ஈர மணல், அதற்குள் சின்னப் பானை, அதற்குள் மூடிய டப்பாவில் இன்சுலின் குப்பி. வெயில் படாத மூலையில் வைத்தால் போதும். இன்றும் அந்த வழி செல்லும். பெட்டி உள்ள வீடுகளில் வேறு தொல்லை. ஐஸ் பிடிக்கும் இடத்தில் வைத்து உறைந்துபோனால் அந்த மருந்து வீண். உருகிய பிறகும் பயன்படுத்தக் கூடாது.

ஒருமுறை மேலூர்ப் பக்கத்து அம்மாள் ஒருவருக்கு அடிக்கடி சர்க்கரை இறங்கிக்கொண்டே இருந்தது. அளவு மாறவில்லை, சாப்பாடு மாறவில்லை. மருந்துப் பையைக் கொட்டிப் பார்த்தால், துபாயிலிருந்து வந்த மகன் வாங்கி வந்த குப்பி இருந்தது. நம் கடைகளில் கிடைக்கும் குப்பிகளில் பெரும்பாலும் ஒரு மில்லியில் 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. வெளிநாட்டுக் குப்பியில் 100 யூனிட். அதற்கு ஆரஞ்சு மூடி. அந்த அம்மாள் புதிய மருந்தைப் பழைய சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்து, ஒவ்வொரு வேளையும் இரண்டரை மடங்கு போட்டுக்கொண்டிருந்தார். அன்பாக வாங்கி வந்த மருந்து உயிரைப் பறித்திருக்கும். இன்சுலின் போடுகிற வீட்டில் எல்லோருக்கும் இந்த இரண்டு நிறங்களும் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, ஊசி போடும் இடம். வலிக்காத இடம் என்று ஒரே இடத்தில் குத்திக்கொண்டிருந்தால் தோலுக்கடியில் கொழுப்புக் கட்டி வளரும். மருந்து சரியாக உறிஞ்சப்படாது. சர்க்கரை ஏறுகிறதே என்று டாக்டர் அளவைக் கூட்டிக்கொண்டே போவார். கண்ணால் பார்த்தால் தெரியாத கட்டி கையால் தடவினால் தெரியும். இடத்தை மாற்றும்போது அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். நல்ல இடத்தில் மருந்து முழு வேகத்தில் வேலை செய்யும் என்பதால், டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் மாற்ற வேண்டும்.

சர்க்கரை ஏறுவதைப் பற்றிப் பேசும் அளவுக்கு இறங்குவதைப் பற்றி நம் வீடுகளில் பேசுவதில்லை. புரட்டாசிச் சனிக்கிழமை ஒன்றில் எழுபது வயதுப் பாட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். விரதம் என்று சாப்பிடவில்லை. மாத்திரையை விடக்கூடாது என்று டாக்டர் சொன்னாரே என்று மாத்திரையை மட்டும் போட்டிருக்கிறார். மத்தியானம் பேச்சு குழறியிருக்கிறது. களைப்பு, தூங்கட்டும் என்று விட்டிருக்கிறார்கள். நினைவு தப்பிய பிறகு பக்கத்து வீட்டார் பதறிப்போய் வாயில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்ற, அது நுரையீரலுக்குள் போய்விட்டது. குளுக்கோஸ் ஏற்றியதும் கண் விழித்தார். நுரையீரல் தேற வாரங்கள் ஆயின.

வியர்வை, படபடப்பு, கை நடுக்கம், திடீர்ப் பசி, சம்பந்தமில்லாத பேச்சு, காரணமில்லாத கோபம் இவற்றில் எது வந்தாலும் சோதித்துப் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் இறங்கிவிட்டது. மீட்டர் கையில் இல்லையென்றால் சோதனைக்காகக் காத்திருக்க வேண்டாம். நினைவோடு இருப்பவருக்கு மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை கொடுங்கள். பிறகு சாப்பாடு கொடுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்; ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். சில மாத்திரைகளின் வேகம் ஒரு நாள் வரை நிற்கும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு இன்னும் நீளும். எழுந்து பேசிவிட்டார் என்று உடனே வீட்டுக்குக் கூட்டிப் போனால் இரவில் மறுபடி விழுவார்.

அந்தப் பாட்டி வந்த நாள் முதல் "எந்தக் கிழமை விரதம்?" என்று எல்லோரிடமும் கேட்கிறேன். ரமலான் நோன்பு வைப்பவர்களை ஒரு மாதம் முன்பே வரச் சொல்லி மருந்தின் வேளைகளை மாற்றி எழுதித் தருகிறேன். விரதத்தை விடச் சொன்னால் நம்மிடம் சொல்லாமல் இருப்பார்கள். முன்கூட்டியே பேசினால், யாருக்கு விரதம் பாதுகாப்பு, யாருக்கு ஆபத்து என்று சேர்ந்தே முடிவெடுக்கலாம்.

சித்திரை, வைகாசி வெயிலில் வேறு கூட்டம் வரும். கோயில் பிரகாரத்துக் கல்லில் வெறுங்காலோடு நடந்து, உள்ளங்கால் முழுக்கக் கொப்புளத்தோடு வருவார்கள். மற்றவர்கள் சுடுகிறதே என்று ஓடி நிழலுக்குப் போவார்கள்; இவர்களுக்குச் சுடுவதே தெரியாது. வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கால்களை ஆராய்ந்து, உணர்வில்லாத காலில் வலியில்லாமல் ஏற்படும் காயங்களே புண்ணாகி விரல்களைக் கொண்டுபோகின்றன என்று காட்டினார். அவர்களுக்காக மெத்தென்ற நுண்ணறை ரப்பர் செருப்பு அங்கே செய்யப்பட்டது. அந்த அறிவும் அந்த ரப்பரும்தான் பிறகு சர்க்கரை நோயாளிகளின் கால்களையும் காத்தன. "செருப்பு கழண்டு விழுந்தது தெரியாம நடந்து போயிருக்கீங்களா?" என்று நான் கேட்பதுண்டு. ஆமாம் என்பவரின் காலை அன்றே முழுதாகப் பார்த்தாக வேண்டும்.

கால் பார்ப்பதை வீட்டில் பேரன் பேத்திகளிடம் ஒப்படைக்கச் சொல்வேன். இரவு படுக்கும் முன் உள்ளங்காலும் விரலிடுக்கும் பார்த்துச் சொல்ல ஒரு நிமிடம் ஆகும். குனிய முடியாத தாத்தாவுக்கு அது பெரிய உதவி. செருப்பை உதறிவிட்டுப் போடுங்கள். ஆணிக்காலைப் பிளேடால் அறுக்காதீர்கள். மரத்துப்போன காலுக்கு வெந்நீர் ஒத்தடம் வேண்டவே வேண்டாம். கோயிலுக்குக் காலையிலோ அந்தி சாய்ந்தோ போங்கள். கண்ணுக்கும் இதே நியாயம்தான். விழித்திரை கெடத் தொடங்கும்போது பார்வை நன்றாகவே இருக்கும். மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய பிறகு எங்கள் பகுதியில் கண் பரிசோதனை எட்டும் தூரத்துக்கு வந்தது. "நல்லாத் தெரியுதே" என்பவர்களும் ஆண்டுக்கு ஒருமுறை போயாக வேண்டும்.

கர்ப்பிணிகளின் விஷயத்தில் தமிழ்நாடு நாட்டுக்கே வழி காட்டியது. டாக்டர் வி. சேஷையாவும் அவரோடு உழைத்தவர்களும் எளிய சோதனை ஒன்றை வற்புறுத்தினார்கள். சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் குடிக்க வைத்து இரண்டு மணி நேரத்தில் பார்ப்பது; 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை. வெறும் வயிற்றோடு பஸ் ஏறி வரச் சொன்னால் பாதிப் பெண்கள் வர மாட்டார்கள் என்பதை அறிந்தவர்கள் உருவாக்கிய முறை அது. அந்தப் பெண்களோடு மாமியார்களும் வருவார்கள். "ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும்ல" என்பார்கள். அவர்களை எதிரியாகப் பார்க்காமல், என்ன சமைக்கலாம் என்று அவர்களிடமே கேட்டால், எனக்குத் தெரியாத பத்துப் பலகாரம் சொல்வார்கள். அதிலிருந்தே நல்லதைத் தேர்ந்தெடுக்கலாம். பிரசவத்தோடு சர்க்கரை மறைந்துவிட்டாலும், பிற்காலத்தில் அந்தத் தாய்க்கு நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம். ஆறு வாரத்தில் ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். குழந்தை பிறந்த மகிழ்ச்சியில் இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

"மாத்திரை போட்டா கிட்னி போயிருமாமே" என்ற கேள்வி முன்பு டீக்கடையிலிருந்து வந்தது. இப்போது வாட்ஸப்பிலிருந்து வருகிறது. சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுப்படாத சர்க்கரையும் பிரஷரும். சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருந்தால் சில மாத்திரைகளைக் குறைக்க வேண்டும், சிலவற்றை நிறுத்த வேண்டும். அதற்காகத்தான் கிரியேட்டினின் பார்க்கிறோம். அந்தப் பயத்தில் சர்க்கரை மாத்திரையை நிறுத்தியவர்களில் பலர், மூட்டுவலிக்குக் கடையில் சொல்லி வாங்கிய மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருந்தார்கள். சிறுநீரகத்துக்கு உண்மையான கேடு அதில்தான் இருந்தது. எண் சரியாகிவிட்டது என்று மருந்தை நிறுத்துவதும் இதே போன்றதுதான். மருந்து வேலை செய்ததால்தான் எண் சரியானது.

2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். இத்தனை பேருக்கும் சிறப்பு மருத்துவர்கள் கிடையாது, வேண்டியதும் இல்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடிப் போகிறது. வாசலில் நிற்கும் தன்னார்வலப் பெண்ணுக்கு அந்த வீட்டுச் சமையல் தெரியும், சண்டை தெரியும், யார் மாத்திரையை முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறார் என்பதும் தெரியும். நான் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது அவர் கண்ணெதிரே இருக்கிறது. இந்த நோயைக் கட்டுப்படுத்தும் பெரிய வேலை அவரைப் போன்றவர்கள் கையில்தான் இருக்கிறது என்று நம்புகிறேன்.

நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் சொல்ல எனக்கு மிச்சமிருப்பது சில வார்த்தைகள்தான். டாக்டரிடம் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும், நாட்டு மருந்துப் பொடி உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சமைப்பவரையோ பார்த்துக்கொள்பவரையோ உடன் அழைத்துப் போங்கள். எழுந்து வருவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: இந்த மாத்திரை எதற்கு, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா? சாப்பிட முடியாத நாளில், வாந்தி காய்ச்சல் வந்த நாளில் என்ன செய்வது? எது நடந்தால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் ஓடி வர வேண்டும்? பதில் புரியவில்லையென்றால் மறுபடி கேளுங்கள். வெளியே வரிசை நீளமாக இருக்கலாம். டாக்டர் அவசரத்தில் இருக்கலாம். அந்த நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருக்கும் நேரம் உங்களுடையது. கேட்டுத் தெரிந்துகொண்டு எழுந்திருங்கள்.